காற்று கைவிடும் அந்த நொடி: கிளைடருக்கு ஓர் எச்சரிக்கை மணி

புது தில்லி: பட்டம், பலூன், கிளைடர் ஆகிய மூன்றும் சட்டத்தின் கண்ணுக்கு விமானங்களே. 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டம் அப்படித்தான் வரையறுத்தது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய வாயுயான் சட்டமும் இவற்றை விட்டுவிடவில்லை. 2024 ஆகஸ்டில் மக்களவையிலும் டிசம்பரில் மாநிலங்களவையிலும் நிறைவேறிய இச்சட்டம், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மசோதா விவாதத்துக்கு வந்தபோது அதன் இந்திப் பெயரை எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கடுமையாக ஆட்சேபித்தனர். ஆட்சேபத்தில் நியாயம் இருந்தது. ஆனால், அந்தச் சூட்டில், மசோதாவுக்குள் புதிதாக நுழைந்திருந்த ஒரு சொல் பலரின் கவனத்துக்கு வராமலே போனது.

"வடிவமைப்பு" என்பதே அந்தச் சொல். பழைய சட்டம் விமானங்களின் தயாரிப்பு, உடைமை, பயன்பாடு, இயக்கம், விற்பனை, ஏற்றுமதி, இறக்குமதி ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. வடிவமைப்பு தொடர்பான கட்டுப்பாடுகள் விதிகளிலும் இயக்குநரகத்தின் ஆணைகளிலும் ஏற்கெனவே இருந்தபோதிலும், சட்டத்தின் வாசகத்திலேயே அது இடம்பெற்றது இப்போதுதான். பெரிய விமானத் தொழிற்சாலைகளை மனத்தில் வைத்துச் சேர்க்கப்பட்ட சொல் இது என்பதில் ஐயமில்லை. எனினும், இன்னொரு கோடியில், எஞ்சினே இல்லாத ஒரு கிளைடருக்குள் கையகலப் பெட்டி ஒன்றைப் பொருத்த விரும்பும் மனிதரையும் அது தொடுகிறது. அந்தப் பெட்டியின் வேலை ஒன்றே ஒன்றுதான்: காற்று இறக்கையைக் கைவிடப் போகும் தருணத்தில் குரல் கொடுப்பது.

கைவிடும் காற்று: விமானம் பறப்பது வேகத்தால் மட்டும் அல்ல, இறக்கை காற்றை எந்தக் கோணத்தில் எதிர்கொள்கிறது என்பதாலும்தான். கோணம் கூடக்கூடத் தூக்கும் விசை கூடும். ஓர் எல்லை வரை மட்டுமே இது நடக்கும். பெரும்பாலான இறக்கைகளில் ஏறத்தாழ 15 பாகையை ஒட்டி, மேற்பரப்பைத் தழுவி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு விலகிவிடுகிறது. தூக்குவிசை சரிகிறது. விமானிகள் இதை "ஸ்டால்" என்கிறார்கள். கார் எஞ்சின் நின்றுபோவதற்கும் இதே ஆங்கிலச் சொல் வழங்குவதால், எஞ்சின் கோளாறு என்று நினைப்பவர்கள் பலர். எஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எஞ்சினே இல்லாத கிளைடருக்கு இது நேரும் என்பதே சான்று.

மனிதன் பறக்கக் கற்றுக்கொண்ட காலத்திலேயே இது முதல் பலியை வாங்கிவிட்டது. ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால், தாமே செய்த கிளைடர்களில் குன்றுகளிலிருந்து ஈராயிரம் முறைக்கு மேல் பறந்தவர் என்று கூறப்படுபவர். 1896 ஆகஸ்ட் 9 அன்று அவரது கிளைடரின் மூக்கு மேலெழுந்து, தூக்குவிசை அற்றுப்போய், சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது. முதுகெலும்பு முறிந்து மறுநாள் பெர்லினில் இறந்தார். அவருக்கு எச்சரிக்கை செய்ய எந்தக் கருவியும் இருக்கவில்லை. நூற்றுமுப்பது ஆண்டுகள் ஆகப்போகும் நிலையில், உலகெங்கும் பறந்துகொண்டிருக்கும் கிளைடர்களில் மிகப் பலவற்றில் இன்றும் இல்லை.

சிறிய எஞ்சின் விமானங்களின் கதை வேறு. 1940-களில் அமெரிக்கரான லெனார்ட் கிரீன் உருவாக்கிய எச்சரிக்கைக் கருவியில், இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு தகடு துருத்திக்கொண்டிருக்கும். கோணம் எல்லையை நெருங்கும்போது காற்று அதை மேல்நோக்கித் தள்ளும். மின்சுற்று இணைந்து ஊதல் ஒலிக்கும். பயிற்சிப் பள்ளிகளில் காணப்படும் செஸ்னா விமானங்களில் இன்னும் எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. முன்விளிம்பில் ஒரு துவாரம். அதற்குப் பின்னே ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற ஓர் உலோக நாக்கு. கோணம் கூடும்போது துவாரத்தின் வாயில் உறிஞ்சல் ஏற்பட்டு, காற்று நாக்கின் வழியே இழுக்கப்படுகிறது. மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், விமானமே அழுகிறது.

இதை அப்படியே கிளைடரில் பொருத்த முடியாததற்குக் காரணங்கள் உண்டு. கிளைடரின் இறக்கை மெல்லியது. அதன் முன்விளிம்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால்தான் காற்று சிதறாமல் ஓடும். அங்கே ஒரு தகடோ துவாரமோ வைத்தால், பறக்கும் திறனில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். மேலும், பறத்தல் முடிந்ததும் இறக்கைகளைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது கிளைடர்காரர்களின் வழக்கம். இறக்கைக்குள் குழாயும் கம்பியும் ஓடினால் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டும். ஒரு முறை மறந்தால் எச்சரிக்கை ஊமையாகிவிடும். கிளைடர்களுக்கான ஐரோப்பியத் தகுதி விதிகளும், ஸ்டாலுக்கு முன் உடலில் உணரப்படும் இயற்கையான அதிர்வை எச்சரிக்கையாக ஏற்கின்றன. ஆகவே தயாரிப்பாளர்கள் மெனக்கெடவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. சக்கரத்தை உள்ளிழுத்துக்கொள்ளும் கிளைடர்கள் பலவற்றில், சக்கரத்தை இறக்காமல் தரையிறங்கப் போனால் ஒலிக்கும் ஊதல் நெடுங்காலமாகவே உண்டு. ஏர் பிரேக் நெம்புகோலைத் திறந்த மாத்திரத்தில் அது கத்தும். கிளைடரின் வயிற்றில் கீறல் விழாமல் காக்க ஒலி இருக்கிறது. ஓட்டுபவரின் கழுத்து முறியாமல் காக்க இல்லை.

கடைசித் திருப்பம்: உயரத்தில் ஸ்டால் ஏற்பட்டால் ஆபத்து இல்லை. மூக்கைத் தாழ்த்தினால் வேகம் கூடி இறக்கைக்கு மீண்டும் உயிர் வந்துவிடும். பயிற்சியில் இதை வேண்டுமென்றே செய்து பழக்குகிறார்கள். உயிரைக் குடிப்பது ஓடுபாதையை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பம். உயரம் சுமார் 100 மீட்டர் அல்லது அதற்கும் குறைவு. கிளைடரில் இரண்டாவது முயற்சிக்கு இடமில்லை. எஞ்சினை முடுக்கி மறுபடி வட்டமடிக்க வழி கிடையாது. பின்னாலிருந்து காற்று வீசினால், தரை வேகமாக ஓடுவதுபோல் தெரியும். விமானிக்குத் தம் வேகம் போதும் என்ற பொய்யான நிம்மதி வரும். எட்டாமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் கை தானாகவே மூக்கை உயர்த்தும். திருப்பம் போதவில்லை என்று கால் சுக்கானை அழுத்தும். உட்புற இறக்கை முதலில் தூக்குவிசையை இழக்க, கிளைடர் அந்தப் பக்கமே புரண்டு சுழன்று விழும். அந்த உயரத்தில் மீள நேரமில்லை.

வேகமானியைப் பார்த்தால் தெரியாதா என்ற கேள்வி எழும். தெரியாது என்பதுதான் சிக்கல். உலகின் பல பயிற்சிப் பள்ளிகளில் காணப்படும் ஜெர்மன் தயாரிப்பான ஏஎஸ்கே-21 கிளைடரை எடுத்துக்கொள்வோம். நேராகப் பறக்கும்போது அது ஸ்டால் ஆகும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர். திருப்பத்தில் 45 பாகை சாய்ந்தால், இறக்கை சுமக்க வேண்டிய பாரம் கூடுவதால், அதே கிளைடர் 77 கிலோமீட்டரிலேயே ஸ்டால் ஆகும். 60 பாகை சாய்வில் பாரம் இரட்டிப்பாகி, அந்த எல்லை 92-ஐத் தொடும். வேகமானியின் முள் இவற்றை அறியாது. அதோடு, அந்த நேரத்தில் விமானியின் கண் ஓடுபாதையின் மேல் இருக்கும், இருக்கவும் வேண்டும். மிஞ்சுவது காது.

பழைய மரக் கிளைடர்களில் காதே ஒரு கருவியாக இருந்தது. வேகம் குறைந்தால் காற்றின் இரைச்சல் அடங்கும். அந்த அமைதியே ஆபத்தின் அறிகுறி என்று ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தனர். கண்ணாடியிழையில் வார்க்கப்பட்ட இன்றைய கிளைடர்கள் எப்போதுமே அமைதியானவை. அந்தப் பாடம் பெருமளவு பயனற்றுப் போய்விட்டது.

இருக்கும் கருவியே போதும்: கிளைடர் விமானியின் உயிர்க்கருவி வேரியோமீட்டர். ஏறுகிறோமா, இறங்குகிறோமா, எவ்வளவு வேகத்தில் என்பதை அது காட்டும். அதன் பழைய வடிவம் மிக எளிது: சுடுநீர்க் குடுவை போன்ற ஒரு குடுவை, அதற்கும் வெளிக்காற்றுக்கும் இடையே ஒரு மெல்லிய பாதை. உயரம் மாறினால் வெளியழுத்தம் மாறும். குடுவைக்குள்ளோ வெளியேயோ காற்று ஓடும். அந்த ஓட்டத்தை முள் காட்டும். பிற்காலத்தில் இதற்குக் குரல் கொடுத்தார்கள். மேலெழும் வெப்பக்காற்றில் பருந்துபோல் வட்டமிடும் விமானி, முள்ளைப் பார்க்க வேண்டியதில்லை. விட்டுவிட்டு ஒலிக்கும் ஓசையின் சுருதி கூடினால் ஏற்றம், தாழ்ந்த நீண்ட ஒலி வந்தால் இறக்கம்.

இந்த ஒலிப்பெட்டியையே ஸ்டால் எச்சரிக்கைக்கும் பயன்படுத்தலாம் என்பது கிளைடர் உலகில் பலருக்கும் தோன்றிய யோசனை. எளிய வழி, வேகமானியின் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் ஊதல் ஒலிக்கச் செய்வது. மேலே கண்ட கணக்குப்படி, மிகவும் தேவைப்படும் திருப்பத்தில் இது வாய் திறக்காது.

இரண்டாவது வழியில் மூக்குப் பகுதியில் மேலும் கீழுமாக இரண்டு சிறு துவாரங்கள் இடப்படுகின்றன. காற்று நேராக வந்தால் இரண்டிலும் அழுத்தம் சமம். கோணம் கூடினால் கீழ்த்துவாரத்தில் அழுத்தம் கூடும். இரண்டுக்கும் இடையே ஒரு நுண் அழுத்தமானியை இணைத்தால், வேகமானிக்கும் வேரியோமீட்டருக்கும் நெருங்கிய உறவுக்காரனான அந்தக் கருவி, இறக்கையின் கையிருப்பு எவ்வளவு என்பதைக் காட்டும். முள் சிவப்புப் பகுதியைத் தொடும்போது ஒலிப்பெட்டியை முடுக்கிவிட வேண்டியதுதான். மழைத்துளியோ பூச்சியோ துவாரத்தை அடைத்தால் கருவி பொய் சொல்லும் என்பது இதன் குறை. ஒவ்வொரு கிளைடருக்கும் தனித்தனியே பறந்து அளவு குறிக்கவும் வேண்டும்.

மூன்றாவதுதான் இக்காலத்துக்கு உரியது. மின்னணு வேரியோமீட்டர்களில் அழுத்த உணரி ஏற்கெனவே இருக்கிறது. புதியவற்றில் முடுக்க உணரியும் சேர்ந்துவிட்டது. ஒலிபெருக்கி உண்டு. இறக்கை இப்போது சுமக்கும் பாரத்தைக் காற்றின் அழுத்தத்தால் வகுத்தால், தன் திறனில் எத்தனை பங்கை இறக்கை செலவழித்துவிட்டது என்பது கிடைக்கும். சாய்வு எதுவாயினும் கணக்கு பொருந்தும். புதிய கருவி எதையும் பூட்டாமல், இருக்கும் கருவிக்கு ஒரு கணக்கைக் கற்றுக்கொடுத்தால் போதும். உள்ளே அமர்ந்திருப்பது ஒருவரா இருவரா என்பதை மட்டும் விமானி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எடை மாறினால் எல்லையும் மாறும்.

எந்த ஒலி? கணக்கு எளிது, கடினமானது ஒலிதான். கிளைடரில் ஒலி என்றால் பெரும்பாலும் நல்ல செய்தி. வேரியோமீட்டர் கூவத் தொடங்கினால், இங்கே ஏற்றம் இருக்கிறது, விடாதே, சுற்று என்று பொருள். சரிவர ஈடுசெய்யப்படாத பழைய வேரியோமீட்டரில் இன்னொரு விபரீதமும் உண்டு: விமானி தண்டைப் பின்னுக்கு இழுத்து, வேகத்தைக் கரைத்து உயரத்தை வாங்கும்போதும் அது உற்சாகமாகவே கூவும். அதாவது, ஸ்டாலை நோக்கிப் போகும் கணத்தில் கருவி பாராட்டுப் பாடுகிறது. அதே பெட்டியிலிருந்து, அதே சாயலில் எச்சரிக்கையும் வந்தால், பதற்றத்தில் இருக்கும் மனிதர் அதைப் பிரித்தறிவார் என்று எதிர்பார்க்க முடியாது. குரலே வேறாக இருக்க வேண்டும். அது ஒலிக்கும்போது மற்றவை வாயடைத்துப்போக வேண்டும்.

அடுத்தது "புலி வருது" கதை. வெப்பக்காற்றில் சுற்றும் விமானி, வட்டத்தைச் சுருக்குவதற்காக ஸ்டாலின் விளிம்பை ஒட்டியே மணிக்கணக்கில் பறப்பார். ஒவ்வொரு காற்றுக் குலுக்கலுக்கும் ஊதல் கத்தினால், முதல் வேலையாக அதை அணைத்துவிடுவார். தரையிறங்கும்போது மீண்டும் போட மறந்தும் போவார். தரைக்கு அருகில் மட்டும் கண்டிப்பாகவும், உயரத்தில் பொறுமையாகவும் நடந்துகொள்ளும்படி கருவியை அமைக்கலாம். செயற்கைக்கோள் வழி உயரம் அறியும் வசதி இன்று கிளைடர்களில் சாதாரணம் என்பதால் இது பெரிய காரியமல்ல.

ஒலித்தும் பயன்படாத எச்சரிக்கைக்கு உலகம் அறிந்த உதாரணம் இருக்கிறது. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் ஸ்டால் எச்சரிக்கை 75 முறை ஒலித்தது என்கிறது பிரெஞ்சுப் புலனாய்வு அமைப்பின் 2012-ஆம் ஆண்டு இறுதி அறிக்கை. அளக்கப்பட்ட வேகம் மிகவும் குறைந்துபோனபோது, தகவல் நம்பத்தகாதது என்று கருதி அமைப்பு எச்சரிக்கையை நிறுத்திக்கொண்டது. மூக்கைத் தாழ்த்தியபோது அது மீண்டும் ஒலித்தது. தவறு செய்தால் மௌனம், சரி செய்தால் கூச்சல். 228 பேர் இறந்தனர். மாபெரும் நிறுவனங்களின் பொறியாளர்களே சறுக்கிய இடம் இது. கொட்டகையில் அமர்ந்து பெட்டியைப் பற்றவைக்கும் ஆர்வலர் சறுக்க மாட்டார் என்று சொல்ல இயலாது. அனுமதி, சோதனை, சான்று ஆகியவற்றை அரசு கேட்பதில் அர்த்தம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

ஆனால் எவ்வளவு கேட்பது? அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2014 பிப்ரவரியில் இதற்கு ஒரு விடை கண்டது. சிறிய விமானங்களில் கோணங்காட்டிகளைப் பொருத்துவதற்கான நடைமுறையை அது வெகுவாகச் சுருக்கியது. கருவி துணைக்கருவியாக மட்டுமே இருக்க வேண்டும், ஏற்கெனவே சான்று பெற்ற கருவிகளின் வேலையில் குறுக்கிடக் கூடாது என்பவை முக்கிய நிபந்தனைகள். ஐரோப்பா 2015-இல் "நிலையான மாற்றங்கள்" என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. எந்த வகை வானூர்தியில் எந்தச் சிறு மாற்றத்தை, எந்த முறையில் செய்தால் தனி அனுமதி தேவையில்லை என்று அது வரையறுக்கிறது. கோணங்காட்டி அந்தப் பட்டியலில் உண்டு. கிளைடர்கள் ஒன்றோடொன்று மோதாமல் தடுக்க 2004-இல் சுவிட்சர்லாந்து கிளைடர் விமானிகள் உருவாக்கிய ஃபிளார்ம் கருவி, பெரும்பாலும் அரசு உத்தரவு இல்லாமலே ஆயிரக்கணக்கான கிளைடர்களில் ஏறியது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. அதுவும் ஒலியால் எச்சரிப்பதுதான்.

இந்தியாவில் வடிவமைப்பில் செய்யப்படும் மாற்றம் சிறிதா பெரிதா என்று வகைப்படுத்தி ஒப்புதல் அளிக்கும் விதிகள் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் இருக்கின்றன. வடிவமைப்பு நிறுவனங்களுக்கு அவை பழக்கமான பாதை. ஒரே ஒரு கிளைடரை வைத்துக்கொண்டு மூச்சுத் திணறும் பயிற்சிக் கழகத்துக்கு அது மலையேற்றம்.

நட்சத்திரப் பெயர்கள்: இத்தனைக்கும் கிளைடர் வடிவமைப்பு இந்திய அரசுக்கு அந்நியமான துறை அல்ல. இயக்குநரகத்தின் தலைமையகம் இன்று நிற்பது தில்லி சஃப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே. அந்த விமான நிலையத்தில்தான் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம் இயங்கியது. 1958-இல் பறந்த அசுவினி அதன் முதல் கிளைடர். பிறகு பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர், ஆர்த்ரா. வாசகர்கள் கவனித்திருக்கலாம்: அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை என்று பஞ்சாங்க வரிசை பிசகாமல் ஆறு நட்சத்திரங்கள். வடிவமைத்தவர்களில் எஸ். ராமாமிர்தம், கே.பி. கணேசன் ஆகியோரின் பெயர்கள் ஆவணங்களில் பதிவாகியுள்ளன. அருகருகே இரண்டு இருக்கைகள் கொண்ட ரோகிணி, பல தலைமுறை மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தது. ஆர்த்ராவை ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் தயாரித்தது. ஓர் அரசுத் துறையே கிளைடரை வரைந்து, கட்டி, பறக்கவிட்டு, சான்றும் அளித்த காலம் அது.

சஃப்தர்ஜங்கில் இப்போது கிளைடர்கள் பறப்பதில்லை. 2001-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தாக்குதல்களுக்குப் பிறகு, பிரதமர் இல்லத்துக்கு அருகே இருப்பதால், பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பயிற்சிப் பறத்தல் நிறுத்தப்பட்டது. இங்கிருந்து புறப்பட்ட சிறிய விமானம் ஒன்றில் 1980 ஜூன் 23 அன்று சஞ்சய் காந்தி வித்தைப் பறத்தலில் ஈடுபட்டு, தாழ்ந்த உயரத்தில் கட்டுப்பாட்டை இழந்து உயிரிழந்ததை அரசியல் உலகம் மறக்கவில்லை. அது கிளைடர் அல்ல. அந்தக் கதையும் வேறு. தரை நெருங்கிவிட்டால் திறமைக்கும் பதவிக்கும் அவகாசம் கிடைக்காது என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

புதிய சட்டத்துக்கு முரணாகாத வரை 1937-ஆம் ஆண்டின் விமான விதிகள் தொடர்கின்றன. வடிவமைப்பு என்ற புதிய சொல்லுக்கு உருவம் கொடுக்கப்போவது இனி வகுக்கப்படும் விதிகள். துணைக்கருவிகளுக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் திறந்தது போன்ற ஒரு சிறு கதவை அவற்றில் வைப்பதற்குச் சட்டத்தில் தடையேதும் இல்லை. நாடாளுமன்றத்தின் தனி ஒப்புதலும் வேண்டியதில்லை. இத்தகைய விதிகளின் வரைவு மக்களின் கருத்துக்காக முன்கூட்டியே வெளியிடப்படுவது வழக்கம். இறுதி செய்யப்பட்ட பிறகு அவை இரு அவைகளின் மேஜையிலும் 30 நாள்களுக்கு வைக்கப்படும். அந்த நாள்களுக்குள் எந்த உறுப்பினரும் திருத்தம் கோரலாம். கேள்வி நேரம் முடிந்ததும், அமைச்சர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து தாள்களை மேஜையில் வைக்கும் அந்தச் சில நிமிடங்களில், உறுப்பினர்களில் பாதிப் பேர் வெளியே நடந்துகொண்டிருப்பார்கள்.